பனிக்கட்டியின் கனத்தை அளப்பது யாருக்காக?

பாய்லர் அறையில் வேலை பார்த்த தோழர்களுக்கு இது தெரியும். நீராவிக் குழாயின் மேல் சுற்றியுள்ள உறை எந்த இடத்தில் தேய்ந்து மெலிந்திருக்கிறது என்று பார்க்க உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. கையைப் பக்கத்தில் கொண்டு போனால் போதும். உறை கனமாக இருக்கும் இடத்தில் கைக்கு ஒன்றும் தெரியாது. மெலிந்த இடத்தில் சுள்ளென்று சூடு அடிக்கும். உள்ளே ஓடும் நீராவி ஒன்றுதான், வெளியே இருக்கும் காற்றும் ஒன்றுதான். நடுவில் உள்ள உறையின் கனம்தான் வித்தியாசம்.

மார்கழி இரவில் களத்து மேட்டில் காவல் படுத்த விவசாயத் தொழிலாளிக்கும் இதே சங்கதி வேறு விதத்தில் தெரியும். ஒருவன் போர்த்தியிருப்பது பழைய வேட்டி. இன்னொருவன் போர்த்தியிருப்பது கம்பளி. மேலே தொட்டுப் பாருங்கள். வேட்டியின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக இருக்கும், கம்பளியின் வெளிப்புறம் சில்லிட்டிருக்கும். வெளியே சூடு தெரிகிறவன்தான் உள்ளே நடுங்குகிறவன். அவன் உடம்புச் சூடு வானத்துக்குப் போய்க் கொண்டிருக்கிறது.

இந்த இரண்டும் புரிந்தவருக்கு, பூமிக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக் கோள் வடதுருவக் கடலின் பனிக்கட்டி எத்தனை கனம் என்று எப்படிச் சொல்கிறது என்பதும் பாதி புரிந்துவிட்டது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. விஞ்ஞானம் பெரிய வார்த்தைகளில் பேசினால் உழைக்கும் மக்களுக்கு விளங்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. கையால் வேலை செய்கிறவனுக்கு விளங்குகிற விஷயம் இது.

வடதுருவத்தில் குளிர்காலத்தில் என்ன நடக்கிறது? காற்றின் உஷ்ணம் சைபருக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே போகிறது. ஆனால் கடல் நீர் சைபருக்குக் கீழே சுமார் 1.8 டிகிரியில்தான் உறைகிறது. ஆகவே பனிக்கட்டிக்கு அடியிலுள்ள நீர் என்றும் அந்த 1.8 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்றோடு ஒப்பிட்டால் அது வெந்நீர்! அந்த நீருக்கும் காற்றுக்கும் நடுவே போர்வையாக மிதப்பதுதான் பனிக்கட்டி. போர்வை கனமாக இருந்தால் அதன் மேல்புறம் காற்றைப் போலவே குளிர்ந்து கிடக்கும். மெலிந்திருந்தால் மேல்புறம் கொஞ்சம் சூடேறி இருக்கும்.

இந்தச் சூட்டை ஆகாயத்திலிருந்து பார்ப்பது எப்படி? ஒவ்வொரு பொருளும் தன் உஷ்ணத்துக்கு ஏற்ப கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வெளிவிடுகிறது. செயற்கைக் கோளிலுள்ள கருவி இரவிலும் அந்தக் கதிரைப் படம் பிடிக்கிறது. அந்தக் கதிரின் அலை நீளம் பத்துப் பன்னிரண்டு மைக்ரான். மில் தோழர்களுக்குச் சொன்னால், மெல்லிய பஞ்சு இழை ஒன்றின் பருமன் எவ்வளவோ அவ்வளவு.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். காற்று மைனஸ் 30 டிகிரி. ஓரிடத்தில் பனிக்கட்டியின் மேல்புறம் மைனஸ் 12 என்று படம் காட்டுகிறது. அந்த உஷ்ணத்தில், ஓரளவு காற்று வீசினால், ஒரு சதுர மீட்டரிலிருந்து சுமார் 300 வாட் வெப்பம் மேலே போய்விடும். மூன்று நூறு வாட் பல்புகள் எரிகிற கணக்கு. அந்த 300 வாட்டும் அடியிலிருந்து பனிக்கட்டி வழியாகத்தான் ஏறி வந்திருக்க வேண்டும். பனிக்கட்டி வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பது தெரிந்த விஷயம். மேலும் கீழும் உஷ்ண வித்தியாசம் 10 டிகிரி சொச்சம். கணக்குப் போட்டால் கனம் சுமார் 7 சென்டிமீட்டர் வருகிறது. நாலு விரற்கடை! இன்னோரிடத்தில் மேல்புறம் மைனஸ் 25, போகிற வெப்பம் 110 வாட் என்று வைத்துக் கொண்டால், கனம் 42 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழம். அவ்வளவுதான் கணக்கு. வரவும் செலவும் சரிக்கட்டுகிற கணக்கு.

இந்தக் கணக்கின் இரண்டு கால்களையும் ஊன்றியவர் ஒரே மனிதர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஜோசப் ஸ்டெஃபான். 1835-ல் ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகரத்தின் ஓரத்தில் பிறந்தவர். ஸ்லோவேனியக் குடும்பம். தகப்பனார் மாவு மில்லில் உதவியாள். தாயார் வீட்டு வேலைக்காரி. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளை வியன்னாவில் பேராசிரியராகி, ஒரு பொருளின் உஷ்ணத்துக்கும் அது வெளிவிடும் கதிருக்கும் உள்ள விதியை 1879-ல் கண்டு சொன்னார். வடதுருவப் பிரயாணிகள் எழுதி வைத்த அளவுகளைக் கொண்டு, கடலில் பனிக்கட்டி எப்படி வளர்ந்து கனக்கிறது என்று 1891-ல் எழுதியவரும் அவரே. கனம் ஏற ஏற வளர்ச்சி மந்தமாகிறது என்பது அவர் கண்டது. முதல் விதியால் செயற்கைக் கோள் படத்திலிருந்து உஷ்ணம் கிடைக்கிறது. இரண்டாவது வேலையால் உஷ்ணத்திலிருந்து கனம் கிடைக்கிறது. மில் தொழிலாளியின் மகன் போட்டுக் கொடுத்த பாதையில்தான் இன்றும் கணக்கு ஓடுகிறது.

1996-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூ, ரோத்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த முறையை ஒழுங்காக எழுதி வெளியிட்டார்கள். வானிலைச் செயற்கைக் கோள்களின் படத்தையே பயன்படுத்தினார்கள். அதில் ஒரு புள்ளி என்பது சுமார் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கடல். பின்னால் 1999-ல் போன டெர்ரா, 2002-ல் போன அக்வா ஆகிய செயற்கைக் கோள்களின் படங்களும் இதற்கு உதவின. இவ்விரண்டும் ஆறாண்டு வேலைக்கு என்று அனுப்பப்பட்டவை. இருபது வருஷத்துக்கும் மேலாக உழைத்தன. ஓவர்டைம் கேட்காத தொழிலாளிகள்!

இனி இந்த முறையின் குறைகளைச் சொல்ல வேண்டும். குறையை மறைத்து விஞ்ஞானத்தைப் புகழ்வது வியாபாரிகள் செய்கிற காரியம்.

முதலாவது, மேகம். வெப்பக் கதிர் மேகத்தைத் துளைத்து வராது. மேகம் தன் சொந்தச் சூட்டைத்தான் காட்டும். துருவத்து நீண்ட இரவில் மேகம் எது, பனிக்கட்டி எது என்று பிரிப்பதே பெரும்பாடு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெல்லிய பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் கடலின் சூடும் ஈரமும் மேலே எழும்பி மூடுபனி கட்டுகிறது. எந்த இடத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமோ அந்த இடமே முகத்தை மூடிக் கொள்கிறது.

இரண்டாவது, பனிக்கட்டியின் மேல் விழும் வெண்பனித் தூள். பனிக்கட்டியைவிட அது ஆறேழு மடங்கு நல்ல போர்வை. ஐந்து சென்டிமீட்டர் வெண்பனி படிந்தால், முப்பது சென்டிமீட்டருக்கும் மேலான பனிக்கட்டி கூடிவிட்டதைப் போல மேல்புறம் குளிர்ந்து காட்டும். காலடியில் மெல்லிய கட்டி இருக்கும், படத்திலோ கனத்த கட்டி தெரியும். அந்தத் தூள் எவ்வளவு என்பது இந்தப் படத்தில் தெரியாது. இத்தனை கனக் கட்டிக்கு இத்தனை தூள் இருக்கலாம் என்று உத்தேசமாக ஒரு விகிதம் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மூன்றாவது, சூரியன். வெயில் பட்டால் மேல்புறம் அதனாலேயே சூடேறி கணக்குக் குழம்பும். ஆகவே குளிர்கால இரவுதான் இதற்கு ஏற்ற காலம். பனிக்கட்டி உருகி அதன் கதி நிர்ணயமாகிற கோடையில் இந்தக் கண் குருடு.

நாலாவது, கனம் அரை மீட்டரைத் தாண்டினால் மேல்புற உஷ்ணத்துக்கும் காற்றின் உஷ்ணத்துக்கும் வித்தியாசம் சுருங்கி, கணக்கில் வருகிற எண்ணை நம்ப முடியாமல் போகிறது. ஒன்றரை மீட்டரா, மூன்று மீட்டரா என்று இதைக் கொண்டு சொல்ல முயல்வது கம்பளிக்கு மேல் கைவைத்து உள்ளே எத்தனை கம்பளி என்று எண்ணுவதைப் போல. அதற்கு வேறு கருவிகள் உண்டு. 2010-ல் ஐரோப்பியர் அனுப்பிய கிரையோசாட்-2, 2018-ல் அமெரிக்கர் அனுப்பிய ஐஸ்சாட்-2 ஆகியவை, நீருக்கு மேலே கட்டி எவ்வளவு துருத்திக் கொண்டு நிற்கிறது என்று அளக்கின்றன. பத்தில் ஒரு பங்குதான் மேலே தெரியும், மீதி நீரில். மேலே தெரிவதை வைத்து முழுசையும் கணக்கிடுவார்கள். கட்டி மெலிந்திருந்தால் துருத்துவது விரற்கடைக்கும் குறைவு. அங்கே அவற்றின் கணக்கு தவறும். அங்கேதான் வெப்பப் படம் கைகொடுக்கிறது.

“மெல்லிய கட்டிதானே, அதை அளந்து என்ன ஆகப் போகிறது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்கள். நாலு விரற்கடைக் கட்டி 300 வாட் வெப்பத்தைக் கடலிலிருந்து காற்றுக்கு விடுகிறது. இரண்டு மீட்டர் கட்டி விடுவது முப்பது வாட்டுக்கும் குறைவு. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்! கடலின் வெப்பம் வெளியேறும் கதவு மெல்லிய கட்டிதான். புதுப் பனிக்கட்டி உற்பத்தியாகும் தொழிற்சாலையும் அதுதான். சைபீரியாவுக்கு வடக்கே லாப்டேவ் கடலில் கரையிலிருந்து வீசும் காற்று புதுக்கட்டியைத் தள்ளிக் கொண்டே போக, திறந்த நீர் மீண்டும் மீண்டும் உறைகிறது. அங்கே விளைந்த கட்டி வடதுருவக் கடலின் மற்றப் பகுதிகளுக்கும் போகிறது. உறையும்போது உப்பைக் கழித்துவிடுவதால், அந்தக் கனத்த உப்பு நீர் கீழே இறங்கிக் கடலின் அடி நீரோட்டத்திலும் கலக்கிறது. தொழிற்சாலையில் என்ன உற்பத்தி என்று தெரியாமல் குடோனில் சரக்கு ஏன் குறைகிறது என்று எப்படிச் சொல்வது?

சரக்கு குறைகிறது என்பதில் சந்தேகமில்லை. கோடை முடிவான செப்டம்பரில் 1979-ல் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனிக்கட்டி இருந்தது. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. அதாவது இந்தியாவின் பரப்புக்குச் சற்றுக் கூட. 2025 மார்ச்சில், குளிர்கால உச்சத்திலும்கூட, 1979 முதல் அதுவரையிலான பதிவுகளிலேயே மிகக் குறைந்த பரப்புத்தான் இருந்தது.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் கடல் பனிக்கட்டி உருகுவதால் நேரடியாகக் கடல் மட்டம் உயராது. டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிவதில்லை அல்லவா? கடல் மட்டத்தை உயர்த்துவது கிரீன்லாந்து போன்ற நிலத்தின் மேல் கிடக்கும் பனிப்பாளங்களும், சூடேறி விரியும் கடல் நீரும்தான். ஆனால் வெள்ளைக் கட்டி போய்க் கரிய நீர் வெளியே வந்தால், வெயிலைத் திருப்பி அனுப்புவது போய் வெயிலைக் குடிக்கிற கடலாகிறது. பூமி மேலும் சூடேறுகிறது. அந்தச் சூடு வடதுருவத்தோடு நின்றுவிடுவதில்லை.

சரி, இந்த அளவுகள் யாரிடம் இருக்கின்றன? யார் பார்க்கலாம்? இந்தக் கேள்வியைத்தான் நான் எழுப்ப விரும்புகிறேன். இதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள்.

பனிக்கட்டியின் கனத்தை அறிய ஒரு காலத்தில் மனிதன் அதன் மேலேயே குடியிருந்தான். 1937 மே மாதம் பாப்பானின், கிரெங்கல், ஷிர்ஷோவ், ஃபியோதரோவ் என்ற நாலு சோவியத் மனிதர்கள் வடதுருவத்துக்கு அருகே மிதக்கும் கட்டியின் மேல் கூடாரம் போட்டு, 274 நாள் அதோடு மிதந்தார்கள். கட்டி உடைந்து உடைந்து கடைசியில் சிறு துண்டாகி, 1938 பிப்ரவரியில் கிரீன்லாந்துக் கடலில் ‘தைமிர்’, ‘முர்மான்’ கப்பல்கள் வந்து அவர்களை ஏற்றிக் கொண்டன. அந்த நாலு பேரும் கண்டது உலகத்துக்குச் சொல்லப்பட்டது.

பின்னால் யுத்தத் தயாரிப்புக் காலம் வந்தது. 1958 ஆகஸ்டில் அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ‘நாட்டிலஸ்’ பனிக்கட்டிக்கு அடியில் வடதுருவத்தைக் கடந்தது. அதிலிருந்து எத்தனையோ நீர்மூழ்கிகள் அடியில் போய்க் கொண்டே மேலே ஒலியை அனுப்பி, கட்டியின் அடிப்புறம் எங்கே இருக்கிறது என்று பதிவு செய்தன. மலை போல அளவுகள் குவிந்தன. ஆனால் பெரும்பகுதி ராணுவ ரகசியம்! பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 1990-களில்தான் பூட்டு கொஞ்சம் திறந்தது. அப்போதும் எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? கப்பல் போன நாளைச் சொல்லாமல், மாதத்தின் எந்தப் பத்து நாள் என்று மட்டும் சொன்னார்கள். இடத்தையும் சரியாகச் சொல்லாமல் சுற்றி வளைத்து முழுமையாக்கிக் கொடுத்தார்கள்.

அதைக் கொண்டே, அதே ரோத்ராக்கும் யூவும், மேகட் என்பவரோடு சேர்ந்து 1999-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நீருக்கு அடியிலுள்ள பனிக்கட்டியின் சராசரி ஆழம் 1958 முதல் 1976 வரை 3.1 மீட்டராக இருந்தது, 1990-களில் 1.8 மீட்டராகிவிட்டது! நாற்பது சதவீதம் போய்விட்டது. முப்பது வருஷமாக உலகத்தின் உச்சந்தலையில் கூரை மெலிந்து கொண்டே வந்திருக்கிறது. அளந்த எண்களோ கடற்படையின் பெட்டிக்குள் கிடந்திருக்கின்றன. பாய்லர் அறையில் பிரஷர் கேஜைத் துணி போட்டு மூடி வைத்த மானேஜரை நாம் என்ன சொல்வோம்?

“அது பழைய கதை, இப்போது செயற்கைக் கோள் படங்கள் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றனவே” என்பார்கள். உண்மைதான், நல்ல மாற்றம்தான். ஆனால் எவ்வளவு உறுதியான மாற்றம்? 2025-ல் நடந்ததைப் பாருங்கள். பனிக்கட்டியின் பரப்பை மேகத்துக்கு ஊடேயும் பார்க்கிற நுண்ணலைக் கருவிகள் அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக் கோள்களில் இருக்கின்றன. அவற்றின் தகவல் அந்த ஜூன் 30-ம் தேதியோடு நிறுத்தப்படும் என்று சில நாள் முன்னதாக அறிவிப்பு வந்தது. விஞ்ஞானிகள் பதறினார்கள். உடனே ஜூலை 31 என்று தள்ளி வைத்தார்கள். பிறகு, இல்லை, தொடர்ந்து தருகிறோம் என்றார்கள். இதற்கிடையே கொலராடோவிலுள்ள பனித் தகவல் மையம் ஜப்பானியச் செயற்கைக் கோளின் கருவிக்கு மாறிக் கொண்டது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அறுபடாமல் வந்த பதிவு, ஒரு சர்க்கார் உத்தரவில் நூல் போல அறுந்துவிடப் பார்த்தது. ஸ்பின்னிங்கில் நிற்கும் தோழருக்குத் தெரியும், அறுந்த இழையை ஒட்டலாம், ஒட்டின இடம் ஒட்டின இடம்தான்.

யாருக்கு இந்த எண்கள் வேண்டும்? கப்பல் முதலாளிகளுக்கு வேண்டும். ராட்டர்டாமிலிருந்து யோகோஹாமாவுக்கு சூயஸ் வழியாகப் போவதைவிட ருஷ்யாவின் வடகரை வழியாகப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூரம் மிச்சம். “புதிய பாதை திறக்கிறது” என்று கொண்டாடுகிறார்கள். வீடு தீப்பற்றி எரிகையில் குளிர் காய நெருப்புக் கிடைத்தது என்று கொண்டாடுகிறவனைப் போல! ஆனால் பாதை அவர்கள் நினைத்தபடி திறந்து கிடப்பதில்லை. 2021 நவம்பரில் அந்த வழியின் கிழக்குப் பகுதியில் கடல் எதிர்பார்த்ததைவிட முன்னதாக உறைந்து, சுமார் இருபது கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கிக் கொண்டன. மெல்லிய கட்டி எப்போது, எங்கே கனக்கிறது என்ற கேள்வி அங்கே மாலுமிகளின் உயிர்ப் பிரச்னையாயிற்று. முதலாளி லாபக் கணக்கில் ஒரு சராசரி எண்ணைப் போட்டுப் பார்க்கிறான். மாலுமியின் கப்பல் சராசரியின் மேல் போவதில்லை, எதிரே கிடக்கிற கட்டியின் மேல்தான் போகிறது.

அதைவிட அதிகமாக வேண்டியது அங்கே பிறந்து வளர்ந்து வேட்டையாடிப் பிழைக்கும் இனூயிட் மக்களுக்கு. கடல் பனிக்கட்டிதான் அவர்களுக்கு ரோடு. கட்டியின் நிறத்தையும் ஓசையையும் கொண்டு கனம் சொல்கிற அறிவு தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் உண்டு. ஆனால் பருவம் மாறிவிட்டதால் பழைய அடையாளங்கள் ஏமாற்றுகின்றன. ஒரு கிலோமீட்டரை ஒரு புள்ளியாகக் காட்டும் படம் அவர்களுக்குப் போதாது. வண்டி விழுவதற்கு நாலு அடி அகல மெல்லிய இடமே போதும். ஆகவே கனடாவில் லாப்ரடார் கரையிலுள்ள நைன் என்ற ஊரில் ஸ்மார்ட்ஐஸ் என்ற ஏற்பாடு தொடங்கியது. பனிச் சறுக்கு வண்டிக்குப் பின்னால் ஒரு கருவியை இழுத்துக் கொண்டு போய், போகிற வழியெல்லாம் கட்டியின் கனத்தை அந்த ஊராரே அளக்கிறார்கள். செயற்கைக் கோள் படத்தையும் சேர்த்துக் கொண்டு போக்குவரத்துக்கு வரைபடம் போடுகிறார்கள். மேலேயிருந்து ஒரு கண், தரையிலிருந்து ஒரு கை. என் அபிப்பிராயத்தில் இந்தத் துறையில் நடந்த மிகச் சரியான காரியம் இதுதான். அளவு, அதன் மேல் கால் வைக்கிறவனிடமே இருக்கிறது.

நம் நாடும் இதில் வெளியாள் அல்ல. 2008-ல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் இந்தியா ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014-ல் அங்கே கடலுக்குள் ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுதியை இறக்கினார்கள். அதைச் செய்ததில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மக்கள் வரிப் பணத்தில் நடக்கிற வேலை. அதன் அளவுகளைத் தமிழில், பள்ளிப் பிள்ளைக்கும் மில் தொழிலாளிக்கும் விளங்கும்படி, வருஷம் ஒரு சிறு பிரசுரமாகவாவது போட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கருவி செய்யத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய காரியமல்ல.